குறட்டைப் பூதத்தின் கடைசிப் பக்கம்

பூந்தமல்லி
4.8.2024

அன்புள்ள ஜமீர் அண்ணனுக்கு,

தங்கை ஃபஸீலாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் அம்மா, அண்ணி, உங்கள் மகள் ஹஸ்னா, நான் எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா?

தினமும் ஏழரை மணிக்கு போனில் முகம் பார்க்கிறோமே, இவள் ஏன் காகிதத்தை வீணாக்குகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். அம்மா கேட்கிறார்கள், அண்ணி கேட்கிறார், எதிர்வீட்டுத் தாயம்மாகூட ஜன்னலோரம் வந்து கேட்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போன் பாதி நேரம் ஹஸ்னா கையில், மீதி நேரம் அண்ணி கையில். கரையான்சாவடி சாதுல்லா அண்ணன் லீவு முடிந்து சவூதியில் உங்கள் கேம்புக்கே திரும்புகிறார். அவர் பெட்டியில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் வைத்துவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. அம்பத்தூரில் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடும் மைதிலி அக்காவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? என் பூதத்தை எடுத்துக்கொண்டார். 'குறட்டைப் பூதம்', இருபத்து நாலு பக்கம், கதையும் படமும் நான். யாரையும் கடிக்காத, சிரிப்புக் காட்டும் பூதம். நர்சரி ஸ்கூலில் காலை முழுக்க ஆப்பிளுக்கு வண்ணமடிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது கேள்வி. மே மாதம் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தீர்கள். பத்தொன்பதாம் நாள் கம்பெனியில் அவசரம் என்று கிளம்பிவிட்டீர்கள். சாதுல்லா அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அவசரமா? அப்டி ஒண்ணுமில்லியேம்மா, மே மாசம் பூரா சும்மாதான் குந்திகினு இருந்தோம்" என்றார். அவர் சொன்னதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் கேட்கிறேன்.

பிப்ரவரியில் கான்ட்ராக்ட் முடிந்து நீங்கள் மொத்தமாக வந்துவிடுவீர்கள், சாவடியில் ஏசி சர்வீஸ் கடை போடுவீர்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கடைக்குப் போர்டு நான்தான் எழுதுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துஆவுடன்,
ஃபஸீலா


தம்மாம்
12.9.2024

அன்புத் தங்கை ஃபஸீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நலம். முதுகும் நலம். அம்மா சுகர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள். ஊறுகாய் வந்து சேர்ந்தது, நான் இரண்டு நாள்தான் சாப்பிட்டேன், மீதியை அறையில் இருந்தவர்கள் முடித்துவிட்டார்கள்.

சாதுல்லா வேறு செக்‌ஷன். குளிர்பதனக் கிடங்கில் எனக்கு என்ன அவசரம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதைப் பெரிதுபடுத்தாதே.

உன் புத்தகச் செய்தி கேட்டுச் சந்தோஷம். சின்ன வயதில் நீ என் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் கரப்பான்பூச்சிக்கு மீசை வரைந்ததற்கு அடித்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பூதத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பயந்தால் பயந்ததுதான்.

ஒரு விஷயம். பிப்ரவரியில் நான் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவிடமும் உன் அண்ணி ரிஸ்வானாவிடமும் நானே சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

ஹஸ்னாவுக்கு மழைக்காலத்தில் காதில் குளிர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
ஜமீர்


பூந்தமல்லி
28.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். எல்லோரும் சுகம். என்னைத் தவிர. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்றேன். இரண்டு வருஷமா? யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்? ஹஸ்னாவுக்கு ஒரு வயதில் பார்த்தீர்கள், பிறகு நாலு வயதில் பார்த்தீர்கள். இனி ஏழு வயதிலா? உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்றால் சொல்லிவிடுங்கள். இருக்கிறது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நேற்று அண்ணி போன் காலண்டரில் அடுத்த பிப்ரவரியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

ஹஸ்னா ஏழு மணிக்கே தலை வாரி, கிளிப் குத்தி, போன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். இதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதினால் கோபம் ஆறும். மைதிலி அக்கா எந்தப் புத்தகத்தையும் நேரே அச்சுக்குக் கொடுக்க மாட்டார். முதலில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்து ஒரு மாதிரிப் புத்தகம். அதை அண்ணனூரில் ஒரு பால்வாடியில் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து நான் படிக்கவேண்டும். அக்கா பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் தலையைத் திருப்புகிறார்களோ அந்தப் பக்கம் குப்பைக்கு. நேற்று படித்தேன். பூதம் பெரிய பெட்டியோடு வீட்டுக்குள் வருகிறது, வாசல்படி உடைகிறது. குளித்தால் மாடித் தொட்டி காலி. மீசையில் துணி காயப்போடுகிறார்கள். குறட்டை விட்டால் அரிசி டின் ஆடி ஆடித் தெருவுக்கே போய்விடுகிறது. ஒரு பிள்ளைகூடத் தலையைத் திருப்பவில்லை. ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பாயை நனைத்துவிட்டாள். "இது போதும்" என்றார் அக்கா.

படத்தை இப்போது அனுப்ப மாட்டேன். அச்சானபிறகு பாருங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துவிடும்.

காரணத்தை எழுதுங்கள்.

ஃபஸீலா


தம்மாம்
3.11.2024

ஃபஸீலாவுக்கு,

சலாம். நான் நலம், அங்கு எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை போனில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். என் முகம் திரையில் வந்ததும் ஹஸ்னா கைதட்டி, "பூதம் வந்துட்ச்சி, பூதம் வந்துட்ச்சி" என்றாள். அம்மா சிரித்தார்கள், ரிஸ்வானாவும் சிரித்தாள். பின்னால் நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதையும் பார்த்தேன். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

பெற்ற தகப்பனைப் பூதம் என்று கூப்பிட என் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உன் புத்தகத்தை உடனே அனுப்பு. அதைப் பார்க்கும்வரை நான் போன் செய்யப்போவதில்லை. வீட்டில் கேட்டால் கேம்பில் நெட் சரியில்லை என்று சொல்.

ஜமீர்


பூந்தமல்லி
20.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். அம்மாவுக்குச் சளி, மற்றபடி சுகம். நீங்கள் போன் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது, கடிதம் கிடைத்ததிலிருந்து உங்களுக்கு நெட் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹஸ்னா இன்னும் ஏழு மணிக்குக் கிளிப் குத்துகிறாள். எட்டு மணிக்கு அவளே கழற்றி டப்பாவில் போடுகிறாள். கேள்வி கேட்பதில்லை.

மாதிரிப் புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன். அந்த மூக்கு உங்களுடையது. மீசையும், இடது புருவத்து மச்சமும், நீலக் கட்டம்போட்ட லுங்கியும் உங்களுடையவை. குறட்டையைப் பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். மே மாதம் நீங்கள் வந்து இறங்கியதும் ஹஸ்னா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நீங்கள் உட்கார்ந்த பக்கம் வரவில்லை. நீங்கள் கொண்டுவந்த பொம்மையைத் தொடவில்லை. போனில் விரல் அளவு இருந்த அத்தா திடீரென்று கதவு அளவுக்கு வந்து நின்றால் பிள்ளை பயப்படாதா? எல்லோரும் "பழகிடும்" என்றார்கள். பழகுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அடுத்த முறை வரும்போது அவள் பயப்படக்கூடாது, பெரிதாக இருந்தாலும் இது நம் பூதம் என்று அவளுக்குத் தோன்றவேண்டும் என்றுதான் வரைந்தேன். வரைந்த சில படங்களை அவளிடம் காட்டியிருந்தேன், அவள் பூதம் என்று கைதட்டியது சந்தோஷத்தில். அது உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, அது என் தப்பு.

திட்டுங்கள். ஆனால் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத் திட்டுங்கள். அண்ணனூரில் பிள்ளைகள் அதிகமாகக் கைதட்டியது கடைசிப் பக்கத்துக்குத்தான்.

ஃபஸீலா


தம்மாம்
14.12.2024

ஃபஸீலாவுக்கு,

சலாம். அம்மாவின் சளி எப்படி? வெந்நீர் குடிக்கச் சொல்.

புத்தகம் வந்தது. சாதுல்லா பிரித்து அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தான். மீசையில் துணி காயும் பக்கத்தில் நானே சிரித்துவிட்டேன். மச்சத்தைப் பார்த்து, "ஏய், இது நம்ம ஜமீர்பா" என்றார்கள். கோபம் வரவில்லை. நீ நன்றாகத்தான் வரைகிறாய்.

பிறகு கடைசிப் பக்கம். அந்தச் சின்னப் பெண் பூதத்தைப் பார்த்து, "போ, போனுக்குள்ள போ" என்கிறாள். பூதம் சுருங்கிச் சுருங்கி விரல் அளவாகிப் போனுக்குள் குதிக்கிறது. வீட்டில் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

சாதுல்லா படித்து முடித்ததும் தேநீரை வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே போய் லாரிகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தேன்.

நீ காரணம் கேட்டாய். இதோ எழுதுகிறேன். மே மாதம், பதினெட்டாம் நாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தீர்கள். ஹஸ்னா தானாக என்னிடம் வந்தாள். முதல் தடவையாக வந்தாள். கையில் உன் போன். அதை என் மடியில் வைத்து, "போனுக்குள்ள போ" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து அமுக்கி, "போ அத்தா, நீ உள்ளயே போ" என்றாள்.

அதனால் போனேன். மறுநாளே டிக்கெட் எடுத்தேன். நான் வெளியே இருப்பது என் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, போனில் இருந்தால் பிடிக்கிறது என்றால் போனிலேயே இருந்துவிடலாம் என்று இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டேன். ரிஸ்வானாவிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

உனக்கு இது எப்படித் தெரிந்தது? நீ விழித்திருந்து கேட்டாயா? கேட்டுவிட்டு அதை ஊர்ப் பிள்ளைகள் கைதட்டச் சிரிப்புக் கதையாக எழுதினாயா? மைதிலியிடம் சொல்லி நிறுத்து.

ஜமீர்


பூந்தமல்லி
22.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். சுகம் விசாரிக்கக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

எனக்குத் தெரியாது. அல்லாஹ்வின் மேல் ஆணை, எனக்குத் தெரியாது. நான் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் போனபிறகு, ஜூலையில், ஹஸ்னா தன் யானைப் பொம்மையிடம் "போனுக்குள்ள போ, போனுக்குள்ள போ" என்று சொல்லி விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடடா, கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று அப்படியே எழுதிக்கொண்டேன். அவள் அதை யாரிடம் முதலில் சொன்னாள் என்று கேட்கவில்லை. நம் வீட்டில் நடந்த ஒன்றை நோட்டில் எடுத்துவைத்து, வண்ணம் தீட்டி, நானே உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து பிரஷ்ஷைத் தொடப் பிடிக்கவில்லை.

உடனே பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் வரும். அந்தத் தாள்தான் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க" என்று கத்தினேன். மிஷின்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மைதிலி அக்கா ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஓடின தாளையெல்லாம் ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார்.

"ஜனவரி காட்சி போச்சு. பரவால்ல. ஆனா ஃபஸீலா, வேற முடிவு வேணும். பொய் முடிவு எழுதாதே, பசங்க கண்டுபிடிச்சுடுவாங்க" என்றார்.

எனக்கு வேறு முடிவு தெரியவில்லை. நீங்கள் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. போன் மட்டும் செய்யுங்கள். ஹஸ்னாவுக்காக.

ஃபஸீலா


பூந்தமல்லி
5.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை, போனும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்றைக்கே யாராவது கிளம்பமாட்டார்களா என்று காலையிலிருந்து விசாரித்து, மாங்காட்டிலிருந்து ஒருவர் தம்மாம் போகிறார் என்று கண்டுபிடித்தேன்.

முடிவை ஹஸ்னாவிடமே கேள் என்றார் மைதிலி அக்கா. அதன்படி கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்தை அவளிடம் படித்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும், மொட்டை மாடியில், துணிக்கொடிக்குக் கீழே. பூதம் குறட்டை விட்டது, டின் ஓடியது, சிரித்தாள். பக்கம் தீர்ந்தது. "அப்புறம்?" என்றாள். "நீயே சொல்லு" என்றேன்.

"போனுக்குள்ள போவணும்."

"ஏன்டா கண்ணு? பூதத்தப் பாத்தா பயமா கீதா?"

"பயம்லாம் இல்ல."

"அப்ப ஏன் போவணும்?"

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "போன்ல கீறப்போ என்கூட மட்டும் பேசும். வெளிய வந்தா எல்லார்கூடயும் பேசிகினே இருக்கும். என்னப் பாக்கவே பாக்காது."

அண்ணா, காய்ந்த துணியை எடுக்கவந்த அண்ணிக்கும் இது கேட்டது. அவர் அப்படியே துணியோடு நின்றார்.

கீழே வந்து மே மாதப் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் வந்த அன்று கூடத்தில் பதினோரு பேர். பெட்டியைப் பிரிக்கிறீர்கள், செண்ட் பாட்டில் யாருக்கு, டார்ச் யாருக்கு, பாதாம் யாருக்கு என்று அம்மா பட்டியல் சொல்கிறார்கள். மறுநாள் ஆவடி மாமா வீடு. அதற்கு மறுநாள் திருவேற்காட்டில் உங்கள் ஐடிஐ நண்பர்கள். பதினெட்டு நாளில் ஒரு வேளைகூட நம் வீட்டில் நாம் மட்டும் சாப்பிடவில்லை. எல்லாப் போட்டோவையும் பார்த்துவிட்டேன், ஹஸ்னா உங்கள் பக்கத்தில் இருப்பது நாலே நாலு. நாலிலும் நீங்கள் வேறு யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவள் கட்டிலுக்கு அடியில் போனது உங்களுக்குப் பயந்து இல்லை. பதினோரு பேருக்கு நடுவில் அவளுக்கு வேறு இடம் இல்லை. நாங்கள் எல்லோரும் பயம் என்று நினைத்தோம். நான் அதை நம்பி ஒரு புத்தகமே வரைந்துவிட்டேன். அவள் போகச் சொன்னது உங்களை விரட்ட இல்லை அண்ணா. தினமும் ஏழரை மணிக்கு அவளை மட்டும் பார்த்துப் பேசுகிற அத்தாவைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

ஃபஸீலா


தம்மாம்
18.2.2025

அன்புத் தங்கை ஃபஸீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நலம். அம்மாவுக்கு என் சலாம் சொல்.

உன் கடிதத்தை வாங்கிய அன்றே போன் செய்தேன், உனக்குத் தெரியும். பதில் எழுதத்தான் நாளாகிவிட்டது. முதல் தடவை படித்தபோது நம்பவில்லை. இரண்டாவது தடவை அந்தப் பதினெட்டு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காலையில் அவளைத் தூக்கினேனா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. ஆனால் எந்த மாமாவுக்கு எந்த சைஸ் சட்டை கொடுத்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

மேனேஜரிடம் போய்க் கையெழுத்தை ரத்துசெய்யச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் போட்டபிறகு ரத்துசெய்ததில்லை என்றார். மூன்று முறை அலையவிட்டார். நான்காவது முறை விட்டுவிட்டார். ரிஸ்வானாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மொத்தமாக வருகிறேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பெருநாளுக்கு வரமாட்டேன். பெருநாள் என்றால் வீடு நிறைய ஆட்கள். அது முடிந்து ஏப்ரல் ஆறாம் தேதி வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வரவேண்டாம். யாருக்கும் எதுவும் வாங்கவில்லை. பெட்டி கட்டவே இல்லை, தோளில் மாட்டுகிற பை ஒன்றுதான். நான் வருவதை மாமாவிடமும் சொல்லாதே, தாயம்மாவிடமும் சொல்லாதே. நீயும் அம்மாவும் பத்து நாள் ஆவடி மாமா வீட்டில் போய் இருங்கள். கோபப்படாதே. நீயும்தான் போகவேண்டும்.

அம்மாவிடம் சொல்வது உன் பொறுப்பு. எனக்குத் தைரியம் இல்லை.

ஜமீர்


பூந்தமல்லி
10.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீங்கள் கிடங்கில் வேலை செய்துகொண்டு நோன்பு வைப்பதை நினைத்தால் கவலைதான்.

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். "இன்னாடி சொல்ற? பன்னெண்டு வருசம் சவூதில இருந்துட்டு வெறுங்கையோட வர்றானா? பெட்டி இல்லாம வந்தா வேலைய உட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்வாங்கோ. நான் எப்டி மசூதித் தெருவுல நடக்கறது? பெத்தவள ஊட்ட உட்டுப் போங்கறானா?" என்று கேட்டு அழுதார்கள். நான் போட்டோக்களைக் காட்டவில்லை, அண்ணிதான் காட்டினார். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அம்மா, "என் மாத்திர டப்பாவயும் எடுத்து வை, பத்து நாளிக்கி வேணும்" என்றார்கள்.

அண்ணி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆறு மாசமா ரெண்டு பேரும் கடுதாசி போட்டுகினு இருந்தீங்கோ. கட்டிகினவளுக்குத் தெரியாது, இல்ல?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள்.

கடைசிப் பக்கம் வரைந்துவிட்டேன். பூதத்தைப் பார்க்க ஊரே வந்து வரிசையில் நிற்கிறது, வரிசை சாவடி சிக்னல்வரை போகிறது. பூதம் கண்ணை மூடி ஒரு குறட்டை விடுகிறது. வந்தவர்கள் அத்தனை பேரும் பறந்துபோய்த் தென்னை மரத்தில், பஸ் கூரையில், பெட்ரோல் பங்க் மேல் உட்கார்ந்துகொள்கிறார்கள். பூதம் ஒரு கண்ணைத் திறந்து சின்னப் பெண்ணைப் பார்த்து, "போயிட்டாங்களா?" என்று கேட்கிறது. அண்ணனூர்ப் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். மைதிலி அக்கா முதல் பக்கத்தோடு சேர்த்து அந்தத் தாளை மறுபடி ஓடவிட்டார்.

பத்திரமாக வாருங்கள். நான் ஆவடியில் இருப்பேன்.

ஃபஸீலா


பூந்தமல்லி
16.4.2025

அன்புத் தங்கை ஃபஸீலாவுக்கு,

சலாம். நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு ஆவடித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

போனில் சொல்லலாம். ஆனால் மாமா வீட்டிலும் ஸ்பீக்கர்தான் போடுவார்கள். அதனால் இன்றைக்கே சேர்கிற கொரியரில் அனுப்புகிறேன்.

முதல் இரண்டு நாள் ஹஸ்னா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். ரிஸ்வானாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் அப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஹஸ்னா வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பேசு" என்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்ட்டியா?" என்றேன். "அது போன்ல கேக்கறது. வேற பேசு" என்றாள். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை ஃபஸீலா. அவளே என் காலைத் தொட்டுப் பார்த்து, "போன்ல உனுக்குக் காலே இல்ல" என்றாள். இருக்கிறது என்று காட்டுவதற்காக எழுந்து நடந்து காட்டினேன். சிரித்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் தட்டில் கை வைத்தாள், அதைப் பார்த்து ரிஸ்வானா உள்ளே போய் அழுதாள். அதற்குப் பிறகு ரிஸ்வானாவும் என்னிடம் பேசுகிறாள்.

நேற்று இரண்டு பேரும் நடந்தே சாவடிவரை போனோம். வழியில் நாலு பேர் கூப்பிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

இன்றோடு பத்து நாள் ஆகிறது. காலையில் ஹஸ்னாவிடம், "நாளைக்குப் பாட்டியையும் ஃபஸீலா மாமியையும் கூட்டிகினு வரலாமா?" என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு, "இன்னும் ஒரு நாள்" என்றாள்.

அம்மாவிடம் எடுத்துச் சொல். நாளை வரவேண்டாம். நாளை மறுநாள், பதினெட்டாம் தேதி வாருங்கள்.

ஜமீர்